மேலிருந்து இரண்டாவது பொத்தான்

ஊஞ்சப்பாளையம் பேரூராட்சியில் தண்ணீர் முறையைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்த வருஷம், அதாவது எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் குழாய் திறக்கும் என்று இனி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, செயலியைத் திறந்து பார்த்தாலே போதும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போன வருஷம், அந்தச் செயலியைப் பயன்படுத்துவது எப்படி என்று பதினாறு பக்கத்தில் ஓர் உதவிக் கையேடு எழுதிக் கொடுத்தவள் சென்னியப்பனின் தங்கை தவமணி. அந்தக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இருந்த மூன்று வாக்கியங்களால்தான் ஊரில் சொன்ன சொல்லும் செய்த காரியமும் வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பித்தன.

வாக்கியங்கள் இவைதாம்: 'தவறுதலாக ஏதேனும் செய்துவிட்டால் பதற வேண்டாம். மேலிருந்து இரண்டாவது பொத்தானை அழுத்தவும். நீங்கள் கடைசியாகச் செய்தது செய்யப்படாததாகிவிடும்.'

தவமணி சிங்கப்பூரில் பதினேழு வருஷம் இதே வேலை பார்த்தவள். துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கணினிவரைக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உதவிக் குறிப்பு எழுதியவள். உதவிப் பக்கத்தைத் திறக்கிறவன் ஏற்கனவே பயந்துபோய்த்தான் திறக்கிறான், அவனிடம் ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், சொன்னதையே திரும்பச் சொன்னால் கண் தாண்டிப் போய்விடும் என்பது அவள் கொள்கை. கையேட்டின் முதல் வரைவில் 'சொடுக்கவும்' என்று எழுதியிருந்தாள். பேரூராட்சி அலுவலக உதவியாளர் அதைப் படித்துவிட்டு, கைப்பேசியை மேசைமேல் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே நின்று கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சொடுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆக மாட்டீங்குதுங்களே" என்றார். அதனால் 'அழுத்தவும்' என்று மாற்றினாள். 'திரையில்' என்ற சொல் பதினோரு இடத்தில் வந்திருந்தது. 'திரையில் மேலிருந்து முதல் பொத்தான்', 'திரையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான்' என்று பக்கத்துக்குப் பக்கம் அதே திரை. பதினோரு இடத்திலும் அடித்துவிட்டாள். வேறெங்கே இருக்கப் போகிறது பொத்தான், திரையில்தானே.

வால்வு திறந்துவிடுகிற குழந்தசாமிக்கு அப்படித் தோன்றவில்லை. வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிவாசல் வீதி வால்வைத் திறப்பதற்குப் பதிலாகத் தறிக்காரர் வீதி வால்வைத் திறந்துவிட்டார். வால்வில் வைத்த கையை எடுக்காமலே நின்றிருந்தவர், கால்மணி நேரம் கழித்து விஷயம் தெரிந்ததும் பதறி, பதற வேண்டாம் என்று கையேட்டில் போட்டிருந்தது ஞாபகம் வந்து, பதினான்காம் பக்கத்தைப் பிரித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, போட்டிருந்த காக்கிச் சட்டையில் மேலிருந்து ஒன்று இரண்டு என்று எண்ணி இரண்டாவது பொத்தானை அழுத்தினார். தறிக்காரர் வீதியில் அந்நேரம் குடங்களில் பாதியும் முக்காலுமாய் நின்ற தண்ணீர் எழுந்து குழாய்களுக்குள் போயிற்று. அலசிக் கொடியில் போட்ட துணிகள் அழுக்கோடு காய்ந்து தொங்கின. தலைக்குச் சீயக்காய் போட்டுக்கொண்டிருந்தவள் வறண்ட முடியோடு நின்றாள். தெரு ஜனம் பேரூராட்சிக்குத் திரண்டு போய், "எங்க முறை வியாழக்கெழமைதானுங்களே, செவ்வாக்கெழமை எதுக்குத் தொறந்தீங்க?" என்று சண்டை போட்டதே தவிர, தண்ணீர் திரும்பிப் போனதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தவறாக வந்தது திரும்பிப் போவதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது.

அந்த வாரத்துக்குள்ளேயே, தண்ணீருக்கு நடப்பது பேச்சுக்கும் நடக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். டீக்கடையில் ஒருத்தன் இன்னொருத்தனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், பேசியது போய்விடும். கேட்டவன் முகம் மட்டும் எதற்காகச் சுருங்கினோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுருங்கியே இருந்துவிட்டு விரியும். கடைசியாகச் செய்தது மட்டும்தான் போகும், அதற்கு முந்தியது போகாது; கையேட்டைப் பிரித்துப் பார்ப்பது மட்டும் கணக்கில் சேரவில்லை. அதனால் கோபத்தில் ஒரு சொல் விட்டவர்கள் அப்புறம் எச்சில்கூட விழுங்காமல் கையை நெஞ்சுக்குக் கொண்டு போனார்கள். கையை உதறிவிட்டோ செருப்பை மாட்டிவிட்டோ அழுத்தினவர்களுக்கு உதறினதும் மாட்டினதும்தான் போயிற்று, சொல் அங்கேயே நின்றது. பொம்பளைகளுக்கு இதில் பெரிய அநியாயம். ஜாக்கெட்டில் இருப்பது கொக்கி. கொக்கியை எத்தனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. மகளிர் குழுவில் தீர்மானம் போட்டு, தையல்காரர் மொய்தீன் பாய் கடையில் வரிசை கட்டி, எல்லா ஜாக்கெட்டிலும் இரண்டிரண்டு பொத்தான் வைத்துக்கொண்டார்கள். "ஒண்ணு வெச்சாப் போதாதாக்கா?" என்று பாய் கேட்டதற்கு, "மேலிருந்து ரெண்டாவதுன்னுதான் போட்டிருக்குது, ஒண்ணே ஒண்ணு இருந்தா ரெண்டாவதுக்கு எங்க போறது, உங்க சட்டைல வந்து அமுத்தறதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். டி-சர்ட் போடும் பையன்களோடு யாரும் வாக்குவாதத்துக்குப் போகவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாய்மொழியாக ஒரு முறை வந்தது. கொங்கலம்மன் கோயிலுக்குள் ஆண்கள் வெற்று மார்போடு போவது முந்தியே வழக்கம்தான் என்றாலும், இப்போதுதான் அதற்குக் காரணம் தெரிந்தது என்று பூசாரி நிம்மதியாகச் சொன்னார்.

எல்லாச் சொல்லையும் திரும்ப எடுக்க முடிகிற ஊரில், எடுக்காமல் விட்ட சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிட்டது. அப்போதே அழுத்தாமல் விட்டாய் என்றால் மனசாரச் சொன்னாய் என்று அர்த்தம். அப்புறம் மன்னிப்பு இல்லை, 'ஏதோ ஒரு வேகத்துல சொல்லிப்போட்டேன்' இல்லை. பாறையில் வெட்டின எழுத்துமாதிரி அது நிற்கும், மொத்த ஊரும் அதற்குச் சாட்சி.

இதற்கெல்லாம் விளக்கம் கேட்டு ஜனங்கள் தவமணி வீட்டுக்குத்தான் வந்தார்கள். திரும்ப எடுத்ததைத் திரும்ப எடுக்க எந்தப் பொத்தானுங்க என்று ஒருத்தர் கேட்டார். அதை எழுத வேண்டாம், குழப்பும் என்று அவளேதான் விட்டிருந்தாள். இன்னொருத்தர் விஷயம் விசித்திரமானது. அவர் கூட்டாளியிடம், "உன்ற டிவிஎஸ்ஸை ஒரு வாரத்துக்குக் குடுக்கறயா?" என்று கேட்டிருக்கிறார், கூட்டாளி பேசாமல் இருந்திருக்கிறார். சங்கடமாகிப் பேச்சை மாற்ற, "சோறு உண்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார், அவர் "ஆமா" என்றிருக்கிறார். இவர் என்ன நினைத்தாரோ, சோற்றுக் கேள்வியைப் பொத்தானை அழுத்தித் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த 'ஆமா' நிற்க இடமில்லாமல் நகர்ந்துபோய் டிவிஎஸ் கேள்வியில் ஒட்டிக்கொண்டது. கூட்டாளி ஒரு வாரம் நடந்து திரிந்தார். "இது சரிங்களா, தப்புங்களா?" என்று டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியவர் கேட்டார். தவமணிக்குத் தெரியவில்லை. கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். தன் வாக்கியத்தைத் தானே நாற்பது ஐம்பது தடவை படித்தாள். ஒவ்வொரு தடவையும் அது தெளிவாகவே இருந்தது, அதுதான் அவளை மேலும் குழப்பியது.

கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து, உங்கள் ஊர் தண்ணீர் மீட்டர் ஏன் பின்னோக்கி ஓடுகிறது என்று ஓலை வந்தது. செயல் அலுவலர் தவமணியைக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தைதானேங்க மேடம், 'திரையில்'னு சேர்த்து ரெண்டாம் பதிப்பு போட்டுருவோம், ஞாயித்துக்கிழமை காலைல பேப்பரோட வீட்டுக்கு வீடு போயிரட்டும். போனதுக்கப்புறம் சட்டைப் பொத்தான் சட்டைப் பொத்தானா இருக்கும்" என்றார். தவமணி சரி என்றாள். ஊரும் சரி என்றது. மிச்சமிருக்கிற நாளைக்குள் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, தவமணியின் அண்ணன் சென்னியப்பன் வீட்டில் அவர் மகள் பிரவீணாவை நிச்சயம் பண்ண வந்தார்கள். மூன்று வருஷமாய்த் தேடி அமைந்த இடம். பையன் நல்ல பையன், அரிசி மில் குடும்பம், சென்னியப்பன் ஒரு மாதமாய்க் கால் தரையில் படாமல் அலைந்தார். நாற்பது பேர் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மா பிரவீணாவின் கையைப் பிடித்து, "எங்க வூட்டுக்கு வர்றியா கண்ணு?" என்று கேட்டாள். பிரவீணா, "சரிங்க" என்றாள். நாற்பது முகமும் மலர்ந்து, குலவைபோட வாயெடுத்த நேரத்தில், அவள் சேலைத் தலைப்புக்குள் கையைவிட்டு ஜாக்கெட்டின் இரண்டாவது பொத்தானை அழுத்தினாள்.

'சரிங்க' போய்விட்டது. கேள்வி மட்டும் ஆசாரத்தின் நடுவே நின்றது. நாற்பது பேரும் எதற்காக வாயைத் திறந்தோம் என்று தெரியாமல் திறந்த வாயோடு இருந்தார்கள். சட்டையில் பாயசம் கொட்டியதால் வேறு சட்டை எடுக்க உள்ளே போயிருந்த சென்னியப்பன் அந்த அமைதியைக் கேட்டுப் பனியனோடு வெளியே வந்தார். சேலைத் தலைப்புக்குள் இருந்த கையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வலதுகையை நீட்டி வாசலைக் காட்டி, "இனி எம்பட வாசப்படிய மிதிக்காத" என்றார்.

"சரிங்க" என்றாள் பிரவீணா, கோபமில்லாமல், கொஞ்ச நேரத்துக்கு முந்திச் சொன்ன அதே குரலில். எழுந்து, செருப்பு மாட்டி, இரண்டு வீதி தள்ளி இருந்த அத்தை தவமணி வீட்டுக்கு நடந்துபோனாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே சென்னியப்பனுக்குத் தான் சொன்னது உறைத்துவிட்டது. நீட்டிய கையை நெஞ்சுக்குக் கொண்டுபோக நினைத்தவர் அப்படியே நின்றார். நெஞ்சில் பொத்தான் இல்லை, பனியன். உள்ளே போய்ச் சட்டை போட்டால் சட்டை போட்டதுதான் கடைசிக் காரியமாகும். பொத்தானை அழுத்தினால் சட்டை கழன்று விழும், சொல் நிற்கும். பொத்தானை நோக்கிப் போகாமல் கையைத் தொங்கவிட்டால்கூடத் தொங்கவிட்டதுதான் கடைசிக் காரியம். மில்லுக்காரர்கள் எழுந்து, யாரிடம் சொல்லிக்கொண்டு போவது என்று தெரியாமல் அவருடைய நீட்டிய கையைத் தாண்டிக் குனிந்து போனார்கள். அவர் நின்றார்.

வெள்ளிக்கிழமை பகலும் இரவும் நின்றார். அவர் மனைவி சாவித்திரி கரண்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாயில் ஊற்றலாமா, விழுங்குவது காரியமா என்று அழுதாள். புலவர் நாச்சிமுத்து, நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர், வந்து பார்த்து ஆழ்ந்து யோசித்து, "அவராக் குடிச்சாத் தன்வினை. நீ குடிக்க வெச்சயானா அது பிறவினையம்மா, வினை உன்னது. தாராளமா ஊத்து" என்று தீர்ப்புச் சொன்னார். கண் சிமிட்டுவது, மூச்சு விடுவது, வேர்ப்பது எல்லாம் நிகழ்ச்சி, வினை ஆகாது என்றும் சொன்னார். மற்ற உபாதைகளைப் பற்றி ஊர் கண்ணியமாகப் பேசாமல் விட்டது. நீட்டிய கைக்குக் கீழே தலையணைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். வருகிறவர்கள் அவரிடம் நேராகப் பேசாமல், பதில் சொல்லிவிடப் போகிறாரே என்று பயந்து, சுவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள்.

சட்டையை அடுத்தவர் மாட்டிவிடலாம் என்றாலும் கையை நுழைத்துக் கொடுக்க அவர் அசைய வேண்டும். சனிக்கிழமை காலையில் மொய்தீன் பாய்க்குத்தான் அந்த யோசனை வந்தது. சட்டை என்று கையேட்டில் எங்கே போட்டிருக்கிறது, பொத்தான் என்றுதானே போட்டிருக்கிறது, பனியனிலேயே தைத்துவிட்டால் என்ன. ஆளனுப்பித் தவமணியைக் கேட்டார்கள். அவள் பதினான்காம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, பொத்தான்னுதான் போட்டிருக்கு" என்று சொல்லியனுப்பினாள். பாய் இரண்டு வெள்ளைப் பொத்தான்களையும் ஊசிநூலையும் எடுத்துக்கொண்டு போனார்.

தவமணி உடனே கிளம்பவில்லை. அச்சாபீஸிலிருந்து வந்திருந்த இரண்டாம் பதிப்பின் சரிபார்ப்புப் படி மடியில் இருந்தது, சாயங்காலம் நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். எதிரே பிரவீணா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கண்ணு திரும்ப எடுத்தே?" என்று கேட்டாள் தவமணி. நேற்றிலிருந்து கேட்காமல் வைத்திருந்தது.

"எனக்கே தெரியலீங்கத்தை. சொன்ன ஒடனே யாரோ சொன்னாப்பல இருந்துச்சு. அவங்க மேல குத்தமில்லை, நல்லவங்கதான். என்ற வாயில அது நிக்கலை."

"அப்பா வாசப்படிய மிதிக்காதேன்னதுக்கும் சரிங்கன்னியே?"

"அது நின்னுச்சு" என்றாள் பிரவீணா. "அதுவும் ஏன்னு தெரியலை."

தவமணி பழக்கதோஷத்தில் சரிபார்ப்புப் படியின் பின்பக்கத்தைத் திருப்பி, நடந்ததை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினாள். ஒன்று, வர்றியா என்று அந்தம்மா கேட்டாள். இரண்டு, பிரவீணா சரிங்க என்றாள். மூன்று, அதைத் திரும்ப எடுத்தாள். நான்கு, அண்ணன் வாசப்படியை மிதிக்காதே என்றார். ஐந்து, பிரவீணா சரிங்க என்றாள். இப்போது அண்ணன் நான்காவதை எடுக்கப் போகிறார். அவள் இரண்டையும் மூன்றையும் நான்கையும் கோடு போட்டு அடித்தாள். காகிதத்தில் மிச்சம் இருந்தது ஒன்றும் ஐந்தும். எங்க வூட்டுக்கு வர்றியா கண்ணு. சரிங்க.

டிவிஎஸ்ஸில் வந்தவர் ஞாபகத்துக்கு வந்தார்.

ஐந்தாவதைப் பிரவீணா எடுக்க முடியாது. செருப்பு மாட்டியிருக்கிறாள், நடந்திருக்கிறாள், தூங்கி எழுந்திருக்கிறாள், கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் விரல் பொத்தானில் பட்ட கணத்தில் அந்தச் 'சரிங்க' நகர்ந்து, நாற்பது பேர் காதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுக்காமல் விட்ட சொல்லாக, பாறையில் வெட்டின எழுத்தாக. மகளும் திரும்ப வருவாள், கல்யாணமும் நடக்கும். அண்ணன் ஆசைப்பட்டது இரண்டும் ஒரே அழுத்தில். இதை அவரிடம் சொல்லாமல் விட்டால் தெரியாமல் அழுத்திவிடுவார். சொன்னால் தெரிந்தே அழுத்திவிடலாம். தெளிவாகச் சொல்வது என்பதையே தொழிலாக வைத்திருந்தவளுக்கு வாழ்நாளில் முதல்தடவையாக, தெளிவு யாருக்கு உதவும் என்று தெரியவில்லை. காகிதத்தைப் பிரவீணாவிடம் நீட்டினாள்.

பிரவீணா படித்தாள். கீரைக் காம்பு கையிலேயே இருந்தது.

"பேசாம விட்டா அப்பா கை எறங்கீரும், இல்லீங்களா?"

"ஆமா."

"சொன்னா?"

"அப்பா கையிலதான் இருக்கு."

"சொல்லீருங்கத்தை" என்றாள் காம்பைக் கீழே போட்டுவிட்டு. "அப்பா தனக்கே தெரியாம என்னைய ஒருத்தருக்குக் கட்டிக்குடுத்தார்னு ஆகக்கூடாது. பாவம்."

இருவரும் போனபோது மொய்தீன் பாய் முதல் பொத்தானைத் தைத்து முடித்து இரண்டாவதில் இருந்தார். "மாப்ள, ஊசி, ஊசி, அசையாதீங்க" என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே தைத்தார். ஒரு தடவை ஊசி நெஞ்சில் குத்தி ஒரு புள்ளி இரத்தம் பனியனில் வந்தது. சென்னியப்பன் அசையவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது, அது நிகழ்ச்சி என்று புலவர் உறுதி சொன்னார். ஊர் பாதி வாசலில் நின்றது. பிரவீணா படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றாள். அப்பாவின் நீட்டிய கை அவளையே காட்டியது.

பாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "முடிஞ்சுதுங்க. இனி அமுத்த வேண்டியதுதான்."

"அண்ணா, ஒரு நிமிஷம்" என்றாள் தவமணி. "பதில் சொல்லாதீங்க. கேளுங்க."

அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று காகிதத்தைப் படித்தாள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. ஒன்று, இரண்டு, மூன்று. அவசரப்படாமல், குரலை ஏற்றாமல், ஏற்கனவே பயந்துபோய் இருப்பவருக்குப் படிப்பதுபோல. 'நீங்கள் பொத்தானை அழுத்தினால் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னது இல்லாமல் போகும். பிரவீணா சொன்ன சரிங்க இருக்கும். அது மில்லுக்கார அம்மாவின் கேள்விக்குப் பதிலாகிவிடும். அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் அழுத்தாவிட்டால் நீங்கள் சொன்னது நிற்கும். அதையும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது.' அவ்வளவுதான். அவள் எழுதியதிலேயே தெளிவான உதவிக் குறிப்பு அது. படித்து முடித்ததும் ஆசாரத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், எது உதவி என்று தெரியாமல்.

"அமுத்துங்க" என்றாள் சாவித்திரி. அப்புறம், "வேண்டாங்க" என்றாள். அப்புறம் தன் ஜாக்கெட்டின் பொத்தானைத் தேடி அழுத்தினாள், எதை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சென்னியப்பனின் கண் பொத்தானுக்குப் போயிற்று, வாசலுக்குப் போயிற்று, பொத்தானுக்கு வந்தது. அந்தக் கண்ணில் மூன்று வருஷ அலைச்சலும் அரிசி மில்லும் பந்தலும் இருந்தன. இல்லையென்று சொல்ல முடியாது. நீட்டிய கை தலையணைகளிலிருந்து எழும்பியது. மெதுவாக மடங்கி நெஞ்சை நோக்கி வந்தது. வாசலில் பிரவீணா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிவரவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கை பொத்தானுக்கு நேரே வந்து, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

பிறகு கை மேலே போயிற்று. சென்னியப்பன் தன் மூக்கை, நேற்று மத்தியானத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்த மூக்கை, நன்றாக, இரண்டு பக்கமும், கண்ணை மூடிக்கொண்டு சொறிந்தார்.

யாருக்கும் உடனே புரியவில்லை. புலவர்தான், "தன்வினை" என்று மெல்லச் சொன்னார்.

அதோடு அது முடிந்தது. சொல் நின்றுவிட்டது; அவருக்கும் அதற்கும் நடுவே இப்போது மூக்குச் சொறிதல் வந்துவிட்டது. சென்னியப்பனைச் சாவித்திரியும் பாயும் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் மகளை உள்ளே வா என்று கூப்பிடவில்லை, கூப்பிட வழியில்லை. மகள் போகவும் இல்லை. அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்த வாசப்படி, நேற்றைய கோலமாவு இன்னும் அதன்மேல் கலையாமல்.

தவமணி அந்தப் படியையே பார்த்தாள். அண்ணன் சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், அடுத்தவர் எழுதிய குறிப்பைச் சரிபார்ப்பதுபோல, சொல் சொல்லாக. வரக்கூடாது என்று அதில் இல்லை. வீடு என்றுகூட இல்லை.

"அண்ணா, நீங்க சொன்னது வாசப்படிய மிதிக்காதேன்னு" என்றாள். "வாசப்படிய யாரு மிதிப்பாங்க? நம்ம வூட்ல யாராச்சும் மிதிச்சிருக்கறமா? லட்சுமி இருக்கற எடம், தாண்டித்தானே வர்றது?"

அது அப்படியும் படிக்கலாம் போலத்தான் இருந்தது. அப்படிப் படிக்கக் கூடாது என்றும் இருந்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வார்த்தையில் என்ன இருக்கிறது என்று யாரும் இதுவரை பார்த்ததில்லை. புலவர் நாச்சிமுத்து தன் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

பிரவீணா சேலையை முழங்காலுக்கு மேலே கொத்தாகத் தூக்கிப் பிடித்தாள். கதவு நிலையைக் கையால் பற்றவில்லை, அதுவும் படியில் சேர்த்தியோ என்னவோ என்று. வலதுகாலை மடக்கி, சின்ன வாய்க்காலைத் தாண்டுகிறவள்போல உயரத் தூக்கி, உள்ளே வைத்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நடுவில் தடுமாறிக் கொஞ்சம் ஆடினாள். வாசலில் நின்ற கூட்டம் 'அய்யோ' என்றது. பிறகு இடதுகாலும் வந்துவிட்டது.

சாவித்திரி தண்ணீர்ச் சொம்போடு வந்து, கொடுக்கலாமா என்று புருஷனைப் பார்த்து நின்றாள். சென்னியப்பன் அவளைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். ஒருநாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"காலு பட்டுச்சா, அம்மிணி?"

"படலீங்கண்ணா."

"கோலமாவு?"

"கலையலை."

"நல்லாப் பாத்தயா?"

"பாத்தனுங்கண்ணா" என்றாள் தவமணி. கூட்டம் 'அய்யோ' என்றபோதே கண்ணை இறுக மூடிக்கொண்டவள், இன்னும் வாசப்படிப் பக்கம் திரும்பவில்லை.